வேய்ன் கேட்ட அளவு

1

நன்னிலத்திலிருந்து என் மச்சான் பேசும்போது உடம்பு, மழை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் முடிந்தபிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும். "அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு துப்பாக்கி வச்சிருப்பாங்களாமே, மச்சான்?" அது அமெரிக்கா, நாங்கள் இருப்பது கனடா என்று பலமுறை சொல்லிவிட்டேன். அவருக்கு இரண்டும் ஒரே ஊர்தான். சென்ற வாரமும் கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று வழக்கம்போலச் சொல்லிப் போனை வைத்தேன். வைத்தபிறகு உறுத்தியது. ஏனென்றால் எனக்கு ஒரு துப்பாக்கியைத் தெரியும். அதன் குழலுக்குள் தோட்டா எங்கே போய் உட்காரும், குண்டின் தோள் எந்த இடத்தில் இரும்பைத் தொடும் என்பதெல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை தெரியும். அதைத் தெரிந்துகொள்ளப் போய் ஒரு மனிதரின் வேலைக்கு நான் உலை வைத்தேன். மச்சானிடம் போனில் சொல்லக்கூடிய கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

2

என் பெயர் முகமது ரஃபீக். இங்கே எல்லோருக்கும் ரஃபி. ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஒரு சிறு ஊரில், எண்ணெய்க் கிணறுகளுக்கான வால்வுகள் செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்ப்பவனாக இருக்கிறேன். கடைசல் இயந்திரத்தில் ஒருவர் செய்ததை வாங்கி, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. நேராகச் சொன்னால், எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் பாலிடெக்னிக் முடித்த சமயத்தில்தான் சென்னையைச் சுற்றி வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் வரத் தொடங்கின. எங்கள் தெருவில் என் வயதுப் பையன்கள் துபாய்க்கும் சவூதிக்கும் கடை வேலைக்குப் போனார்கள். நான் அம்பத்தூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பாகங்களின் பருமனை அளக்கும் மைக்ரோமீட்டரைப் பிடித்தேன். அதைப் பிடித்துக்கொண்டே ஷார்ஜா, பிறகு கனடா.

நம்பாமல் இருப்பது எனக்குத் தொழிலால் மட்டும் வந்ததில்லை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வரும். மதகில் இத்தனை அடி என்று அளவுக்கல் சொல்லும். எங்கள் ஆட்கள் கல்லை நம்ப மாட்டார்கள். வாய்க்காலில் இறங்கி முழங்காலில் எங்கே நனைகிறது என்று பார்ப்பார்கள். மேலே இருப்பவன் ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திருப்பிவிட்டான் என்ற பேச்சு ஒவ்வொரு குறுவைக்கும் உண்டு. பாதி உண்மையாகவும் இருக்கும்.

என் அத்தா, அதாவது அப்பா, அங்கே ஆயில் எஞ்சின் உதிரிபாகமும் இரும்புக் குழாயும் விற்றார். தொண்ணூறுகளின் கடைசியில், வேறெங்கோ நடந்த ஒரு குண்டுவெடிப்புக்குப் பிறகு, வெளியூர் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். யாருக்கெல்லாம் குழாய் விற்றீர்கள் என்று கேட்டார்கள். போர்செட் போடும் எல்லோருக்கும்தான் விற்றிருந்தார். காலையில் கூட்டிப் போய் மதியம் அனுப்பிவிட்டார்கள். மரியாதையாகப் பேசினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள் என்று அத்தாவே சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து குழாய் வாங்க வருகிறவர்களின் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். இருபது வருடமாக வாங்குகிற பக்கத்துத் தெரு மனிதரிடமும் "பேரு என்ன?" என்று கேட்டார். அந்த மனிதர் குழாயை வைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பக் கடைக்கு வரவே இல்லை.

3

கனடா வந்து ஐந்தாவது வருடம். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். பத்து வருட முகவரிகள், எந்த நாட்டில் எத்தனை நாள், வேறு பெயர் ஏதும் உண்டா. என் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் பாலிடெக்னிக் சான்றிதழில் ஒரு விதமாகவும் இருக்கிறது. அதை விளக்கி இரண்டு கடிதம் அனுப்பியிருந்தேன். தபால்பெட்டியைத் திறக்கும்போது என் மனைவி ஷமீமா பிஸ்மி சொல்லித்தான் திறப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் வேய்ன் என்னிடம் வந்தார். கடைசல் பகுதியில் மூத்தவர். முப்பத்தோரு வருட சர்வீஸ். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள். அதிகம் பேசமாட்டார். அவர் செய்து அனுப்பும் பாகத்தை நான் திருப்பி அனுப்பியது மொத்தமே இரண்டு முறை. இரண்டு முறையும் தானே வந்து அளந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு எடுத்துப் போனார்.

அன்று என் அறைக் கதவருகே நின்று, வெளியே ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினார். அந்தப் பார்வையே எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. தோட்டாக்களைக் கடையில் வாங்காமல் தானே செய்துகொள்கிறார். இங்கே வேட்டைக்காரர்கள் பலர் அப்படித்தான், சட்டப்படியும் சரிதான். பித்தளைக் கூட்டின் வாயில், செம்பு போர்த்திய ஈயக்குண்டை எவ்வளவு ஆழம் இறக்கிப் பொருத்துவது என்பதில்தான் அவருக்குச் சிக்கல். துப்பாக்கியின் குழலுக்குள் சுருள் சுருளாக வரிகள் ஓடும். தோட்டா உட்காரும் அறை முடிந்து, அந்த வரிகள் தொடங்கும் இடத்துக்கும் குண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வேண்டும். குண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வரியில் போய் முட்டி நிற்கும். சுடும்போது உள்ளே அழுத்தம் எகிறும். இந்த இடைவெளி துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும் என்பதால் புத்தகத்தைப் பார்த்துச் செய்ய முடியாது. அந்தந்த அறையைத்தான் அளக்க வேண்டும்.

"மூணு தடவை அளந்தேன், மூணு விதமா வருது" என்றார். "சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அளந்து குடு ரஃபி. வெள்ளிக்கிழமைன்னா உனக்கு மசூதி இருக்கும்."

பார்க்கலாம் என்றேன். அவர் போனபிறகு அந்தக் கடைசி வாக்கியத்திலேயே நின்றேன். நான் வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போவது இவருக்கு எப்படித் தெரியும்? மதியம் அரை மணி நேரம் கேட்டுத்தான் போகிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் இத்தனை பேர் இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்க வேண்டும்? முப்பத்தோரு வருடம் கடைசல் பார்த்தவருக்கு ஒரு நீளத்தை அளக்கத் தெரியாதா? முகமது என்று பெயருள்ளவனை, விண்ணப்பம் மேலே இருக்கிற நேரத்தில், துப்பாக்கிக்கு அளவு எடுக்கக் கூப்பிடுவது எதற்கு? நியூயார்க் கோபுரங்கள் விழுந்த பிறகு, ஒருவனை வலிய வந்து தூண்டிவிட்டு மாட்டவைத்த கதைகள் மசூதி வாசலில் நிறையப் பேசப்பட்டன. எது உண்மை, எது வதந்தி என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் சொன்னதும் ஷமீமா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வேணாங்க. நல்ல மனுசனாவே இருக்கட்டும். நமக்கெதுக்கு அது?"

என் மகள் ஆயிஷாவுக்கு அப்போது பதினைந்து வயது. நாங்கள் பேசுவது அவளுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். பாவம் மனிதர் உதவிதானே கேட்கிறார், நீங்கள் இரண்டு பேரும் எல்லோரையும் போலீஸ் என்று நினைக்கிறீர்கள் என்றாள். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வேய்னைப் பார்க்காமலே அவளுக்குப் புரிந்தது, தினமும் பார்த்த எனக்குப் புரியாமல் போனது.

மறுநாள் ஊரிலிருந்த என் அத்தாவிடம் போனில் பேசும்போது ஆயிஷா தன் தமிழைக் காட்டினாள். துப்பாக்கிக்கு அளவு எடுக்கப் போறாங்க என்று சொல்ல வந்தவள், அளவை விட்டுவிட்டாள். "அத்தா துப்பாக்கி எடுக்கப் போறாங்க" என்றாள். அவர் உடனே என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"போன்ல இதெல்லாம் பேசாதப்பா" என்றார் தணிந்த குரலில். "புள்ளைக்கிட்டயும் சொல்லி வையி."

விளக்கப் பார்த்தேன். விளக்கமும் போனில் வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

4

சனிக்கிழமை நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்தால், பாகங்களை வைத்து அளக்கும் கருங்கல் மேசையின் நடுவில் ஒரு தோட்டா நின்றுகொண்டிருந்தது.

வெடிமருந்து இல்லாத வெறும் தோட்டா. பித்தளைக் கூடும் அதில் பொருத்திய குண்டும்தான். பக்கத்தில் வேய்ன் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு: இதன் நீளத்தையாவது பார்த்துச் சொல். அப்போது எனக்கு அது மருந்தில்லாதது என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேனோ. கையால் தொடவில்லை. என் விரல் ரேகை அதில் விழக்கூடாது என்பதுதான் முதலில் தோன்றியது. துடைக்கும் காகிதத்தை எடுத்து மேலே மூடினேன். நேராக மேலாளர் லொரெய்னின் அறைக்குப் போனேன்.

எதற்குப் போனேன் என்பதைப் பிறகு எத்தனையோ முறை எனக்கு நானே விசாரித்திருக்கிறேன். கம்பெனிக் கருவியில் சொந்த வேலை பார்க்கலாமா, இந்தப் பொருள் உள்ளே இருக்கலாமா என்று கேட்கத்தான் போனேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன். உள்ளே போனதும் பள்ளிக்கூடத்திலிருந்து நாம் எல்லோரும் ஆங்கிலத்தில் எப்படி ஆரம்பிப்போமோ அப்படி ஆரம்பித்தேன். வேய்ன் விஷயத்தில் எனக்கு ஒரு டவுட் என்றேன்.

லொரெய்ன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நோட்டை எடுத்தார்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆனால் ஒருவர் அத்தனை கவனமாக என் பேச்சைக் கேட்டு எழுதியது இந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே பார்த்துவிட்டுப் பேசியது, வீட்டுக்குக் கூப்பிட்டது, மசூதியைப் பற்றிச் சொன்னது. மேசையில் நிற்கும் தோட்டாவையும் சொன்னேன்.

மதியத்துக்குள் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வேய்னின் கருவிப்பெட்டியைத் திறந்தார்கள். அதில் அதேபோல் இன்னொன்று இருந்தது. வளாகத்துக்குள் தோட்டா கொண்டுவரக்கூடாது என்பது விதி. மருந்து இருக்கிறதா இல்லையா என்று விதி பார்ப்பதில்லை. வேய்ன் தன் மேல்கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவே கார் நிறுத்துமிடம்வரை நடந்தார். நான் என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது: குற்றமில்லாதவன் திரும்பிப் பார்ப்பானே என்று.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். ஆயிஷா பாதியில் நிறுத்தினாள்.

"அத்தா, டவுட்னே சொன்னீங்களா?"

ஆமாம் என்றேன். அவள் எனக்கு விளக்கினாள். நாம் கேள்வி கேட்க வேண்டும் என்றால் டவுட் என்போம். இங்கே ஒருவரைப் பற்றி டவுட் என்றால் அந்த ஆளை நான் நம்பவில்லை என்று பொருள். வகுப்பில் கையைத் தூக்கி டவுட் என்று சொல்லி அவளே இங்கே வந்த புதிதில் டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எங்களிடம் அதைச் சொன்னதே இல்லை.

5

வேய்னைச் சம்பளம் இல்லாமல் நிறுத்திவைத்தார்கள். போலீஸ் அவர் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைப் பூட்டி வைத்திருக்கும் விதத்தைச் சோதித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். தொழிற்சாலையில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு அறையில் என் மேசையில் வந்து உட்கார்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண், லொரெய்ன், நான். அந்த வார்த்தையைப் பற்றி நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண். குரலைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கூடவே, இவர் என் ஊர்ப் பேச்சைச் சரியாகச் சொல்வாரா என்ற பயமும் வந்தது.

நான் சொன்னதை அவர் அழகாக எடுத்துச் சொன்னார். தமிழில் கேள்விக்கும் அவநம்பிக்கைக்கும் சந்தேகம் என்ற ஒரே சொல்தான் புழக்கத்தில், இவர் ஊரில் படித்தவர்கள் அதை அப்படியே ஆங்கிலத்தில் டவுட் என்பார்கள் என்று அவர்களுக்குப் புரியவைத்தார். பணியாளர் பிரிவுப் பெண் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். அவர் கேட்டதை நான் ஆங்கிலத்திலேயே புரிந்துகொண்டேன். ஆனாலும் போனில் தமிழில் வரும்வரை காத்திருந்தேன்.

"அண்ணா, நீங்கள் அண்டைக்கு ரெண்டில எதை நினைச்சுச் சொன்னனீங்கள் எண்டு கேக்கினம்."

தப்பித்துக்கொள்ள அருமையான இடம். கேள்வியைத்தான் நினைத்தேன் என்று சொல்லிவிட்டால் எல்லாம் ஒரு மொழிக் கோளாறாக முடிந்துவிடும். என் மேல் தப்பில்லை, வேய்ன் மேலும் தப்பில்லை. ஆனால் கதவைச் சாத்தியபிறகு லொரெய்னிடம் நான் சொன்னவை எல்லாம் அந்த நோட்டில் இருந்தன. அவற்றைச் சொன்னது என் வாய்தான். சொல்லும்போது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

"ரெண்டும்தாங்க" என்றேன்.

பிறகு அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். எதை வைத்து அவரைச் சந்தேகப்பட்டீர்கள் என்று கேட்டார்கள். அவர் செய்தது எதுவும் இல்லை, நான் யார், என் பெயர் என்ன என்பதை நினைத்துத்தான் பயந்தேன் என்றேன். அதை அப்படியே எழுதி, முழுப் பெயரும் பிறந்த ஊரும் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பிரதி வேய்னுக்குப் போகும், அது நடைமுறை என்றார்கள்.

அடுத்த வாரம் வேய்னை எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேறு ஷிப்டுக்கு மாற்றினார்கள். அவர் செய்த பாகங்கள் என் மேசைக்கு வந்தன. அவர் வரவில்லை.

6

அந்தச் சனிக்கிழமை என் சொந்த வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஷமீமா தடுக்கவில்லை. போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு உடனே வந்துவிடுங்கள், உள்ளே போகாதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

வேய்ன் கதவைப் பாதிதான் திறந்தார்.

"எதுக்கு வந்த?"

"அளவு எடுக்க" என்றேன்.

"லொரெய்ன்கிட்ட சொல்லிட்டியா?"

மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அங்கே நின்றபோது அது ரொம்பச் சின்னதாக இருந்தது. அவருக்குப் பின்னால் அவர் மகள் வந்தாள். கேத்தி, இருபத்தேழு வயது இருக்கும். என் கையில் இருந்த காலிப்பர் பெட்டியைப் பார்த்தாள். அப்பாவைத் தாண்டி வந்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கார் கொட்டகைக்குள் வரச் சொன்னாள்.

அங்கே வைத்து அவள்தான் சொன்னாள். போன வருடம் வேட்டைக்குப் போனபோது அவள் முதல்முதலாக அந்தத் துப்பாக்கியை எடுத்திருக்கிறாள். தோட்டாவைப் போட்டு மூடியபோது, துப்பாக்கியின் பின்பக்கத்தை அடைக்கும் கம்பி கடினமாக மூடியிருக்கிறது. சுடாமல் திறந்தபோது பித்தளைக் கூடு மட்டும் கையோடு வந்தது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. மருந்து முழுக்க உள்ளே கொட்டிவிட்டது. அன்று சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பா அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவே இல்லை என்றாள். அந்தக் கம்பி சுடுகிறவரின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும்.

வேய்ன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று என் கதவருகே நின்று வெளியே பார்த்தது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. முப்பத்தோரு வருடம் அளவெடுத்த கை, சொந்த மகளின் தோட்டாவில் தவறிவிட்டது. அதைக் கடைசல் பகுதியில் யாரும் கேட்டுவிடக்கூடாது என்று பார்த்திருக்கிறார். இந்தக் காரணம் என் பட்டியலில் எங்குமே இல்லை.

வேலையை ஆரம்பித்தோம். துப்பாக்கியின் பின்கம்பியைக் கழற்றி எடுத்தார். அவரிடம் இதற்கென்று ஒரு கருவி இருந்தது. ஒரு பித்தளைக் கூடு நீண்ட குச்சியின் முனையில் திருகியிருக்கும். கூட்டின் வாயில் குண்டைத் தளர்வாக வைத்து அறைக்குள் விட வேண்டும். கூடு உள்ளே போய் உட்கார்ந்ததும், உள்ளே ஓடும் மெல்லிய கம்பியால் குண்டைத் தள்ளினால் அது முன்னே போய் வரிகளைத் தொடும். அந்த நிலையில் திருகாணியை இறுக்கி வெளியே எடுத்து அளக்க வேண்டும்.

அவர் செய்ததைப் பார்த்ததுமே ஒரு தப்பு தெரிந்தது. பலமாகத் தள்ளினார். குண்டின் மேல் தோல் மெல்லிய செம்பு. அழுத்தினால் வரிக்குள் ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு ஏறும். நான் செய்து பார்த்தேன். சுண்டுவிரலால் தள்ளினேன். தொட்டது தெரிந்த உடனே நிறுத்தினேன். இன்னொரு தப்பு, அவர் குண்டின் கூர்முனைவரை அளந்துகொண்டிருந்தார். ஈய முனை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மழுங்கியிருக்கும். வரியைத் தொடுவது முனை இல்லை, அதற்குக் கீழே முழுப் பருமன் தொடங்கும் தோள். அவருடைய குழல் விட்டத்தைக் கேட்டு, ஒரு பித்தளைத் துண்டில் சரியாகத் துளைத்து, ஒரு சின்ன வளையம் செய்யச் சொன்னேன். அவர் கொட்டகையில் இருந்த சிறு கடைசலில் கால் மணியில் செய்தார். வளையத்தைக் குண்டின் மேல் வைத்தால் எப்போதும் அதே தோளில்தான் உட்காரும். அங்கிருந்து கூட்டின் அடிவரை அளந்தோம்.

பத்து முறை எடுத்தேன். பத்தும் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்குள் வந்தன. வேய்ன் அதை நம்பவில்லை. காலிப்பரை என் கையிலிருந்து வாங்கி, பூஜ்யம் சரியா என்று பார்த்துவிட்டு, அவரே பத்து முறை எடுத்தார். நான் குறித்த தாளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். என் எண்ணைப் பார்த்தால் அவர் கையும் அதே எண்ணுக்குப் போய்விடும் என்று. எனக்கு அது அவமானமாக இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

தாளைத் திருப்பினோம். இரண்டு வரிசையும் ஒத்துப்போயின.

பிறகு அவர் அலமாரியைத் திறந்து, இந்த வருடத்துக்காகச் செய்து வைத்திருந்த தோட்டாப் பெட்டியை எடுத்தார். இரண்டு பெட்டி, நாற்பது தோட்டா. முதலாவதை வளையத்தோடு அளந்தேன். அறை இடம் கொடுப்பதைவிட அரை மில்லிமீட்டர் நீளம். இரண்டாவதும் அப்படித்தான். பதினைந்தாவதோடு போதும் என்று கேத்தி சொன்னாள். வேய்ன் நாற்பதையும் அளக்கச் சொன்னார். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இரண்டு வாரத்தில் அவள் அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவதாக இருந்தது.

அவர் நாற்பதையும் பிரித்துப் போட்டார். குண்டைப் பிடுங்கும் கருவியை மேசையில் பொருத்தி, ஒவ்வொன்றாக. நான் கூட இருந்து கூடுகளை அடுக்கினேன். முடிந்ததும் கேத்தி காபி கொண்டு வந்தாள். மூன்று கோப்பை இருந்தது. வேய்ன் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்று குடித்தார்.

7

குடியுரிமைக் கடிதம் அதற்குப் பிறகு பதினான்கு மாதம் கழித்து வந்தது. அந்த விசாரணைத் தாள் எங்காவது போய்ச் சேர்ந்து தாமதமானதா, எல்லோருக்கும் அவ்வளவு காலம்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் அதையும் குறித்துக்கொள்வார்களோ என்று கேட்கவில்லை. அத்தா தன் நோட்டைக் கடைசிவரை எழுதினார். அவர் மௌத்தானபோது நான் விமானத்தில் இருந்தேன். ஆயிஷா இப்போது வேறு நகரத்தில், வழக்கறிஞருக்குப் படிக்கிறாள்.

வேய்ன் என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அளவெடுத்த இரண்டாவது வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான். புதிதாகச் செய்த தோட்டாவை மலைக்குப் போகும் முன்பு சுட்டுப் பார்க்கப் போகிறார்கள், வேண்டுமானால் வா என்று. இதிலும் ஏதாவது இருக்குமோ என்று மனம் ஒரு சுற்றுச் சுற்றியது. போனேன்.

ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட ஒரு துப்பாக்கி சுடும் மைதானம். நான் போனபோது அவர்கள் உள்ளே இருந்தார்கள். காதை மூடிக்கொள்ள ஒன்றைக் கொடுத்து எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். வேய்ன் முதல் மூன்று தோட்டாவைத் தானே சுட்டார். ஒவ்வொரு முறையும் கூட்டை எடுத்து, அழுத்தம் எகிறிய தடம் இருக்கிறதா என்று அடிப்பாகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து மகளுக்கு இடம் விட்டார். கேத்தி தோட்டாவைப் போட்டு மூடினாள். கம்பி லேசாக மூடியது. சுட்டாள். திறந்தாள். கூடு வெளியே விழுந்தது. வேய்ன் மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், குறிபலகையை இல்லை.

கிளம்பும்போது வாசலில் இருந்தவர், உள்ளே வந்த விருந்தினர்கள் எல்லோரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டுவிட்டுப் போ என்று என்னைக் கூப்பிட்டார். துப்பாக்கி சுடும் இடத்தின் பதிவேட்டில் என் பெயர். பெரிய புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். பெயர் முன்பே எழுதியிருந்தது. விருந்தினர் என்ற கட்டத்தில் வேய்னின் கையெழுத்தில், ரஃபி என்று இல்லை, முகமது ரஃபீக் என்று, பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்து ஒன்றுகூடப் பிசகாமல். இந்த நாட்டில் யாரும் கேட்காமல் என் பெயரைச் சரியாக எழுதியது அதுதான் முதல் தடவை. அவர் அதை எந்தத் தாளில் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தாளில் அவரைப் பற்றி நான் சொன்னது எல்லாம் இருந்தது.

பேனாவை வாங்கி, அவர் எழுதியதற்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.